மரப்பட்டை, வேர், கெட்டி விதை: சாறு எடுக்கும் முன் அரைப்பது எப்படி?

ஒரே பட்டையின் சாறு ஒவ்வொரு முறையும் வேறு அளவில் வருகிறதென்றால், கரைப்பானை (சாறு இறக்கும் திரவத்தை) சந்தேகிக்கும் முன் பொடியைப் பாருங்கள். கெட்டியான மாதிரிகளில் பிசகு பெரும்பாலும் அரைக்கும் இடத்திலேயே நேர்கிறது.

மண் போகக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பச்சையாக இருக்கும்போதே 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கிவிடுங்கள். காய்ந்தபின் கத்தி ஏறாது. 40 டிகிரி செல்சியஸ் ஓவனில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். நறுமண எண்ணெய் உள்ளவற்றுக்கு நிழலே நல்லது. சரியாகக் காய்ந்த வேர் வளைத்தால் சட்டென்று முறியும். வளைந்துகொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அப்படியே மில்லில் போட்டால் நார் திரண்டு பிளேடைச் சுற்றிக்கொள்ளும்.

நார்ப்பிடிப்புள்ள வேருக்கும் பட்டைக்கும் கட்டிங் மில் (கத்திகளால் வெட்டி அரைப்பது), நொறுங்கும் விதைக்கு பால் மில் (ball mill, குண்டுகள் மோதி நொறுக்குவது). சாதாரண பிளேடு மில்தான் இருக்கிறதென்றால் 10 முதல் 15 வினாடி ஓட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, ஆவியாகக்கூடியவை பறந்துவிடும். எண்ணெய் விதைகள் விழுதாகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அவற்றை முன்கூட்டியே மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, சிறிது சிறிதாக அரையுங்கள்.

அடுத்தது சலிப்பு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 40 மெஷ் சல்லடை (துளை சுமார் 0.42 மி.மீ.) பெரும்பாலான வேலைக்குப் போதும். மேலே தங்கும் கப்பியையும் நாரையும் கொட்டிவிடாதீர்கள். எளிதில் நொறுங்கும் திசு முதலில் பொடியாகும், நாரும் கெட்டிச் செல்களும் பின்தங்கும். அவற்றை எறிந்துவிட்டால் நீங்கள் அளப்பது பட்டையின் ஒரு பகுதியை மட்டுமே. மறுபடி அரைத்து, எல்லாமே சல்லடையில் இறங்கியபின் மொத்தத்தையும் நன்றாகக் கலந்து, அதிலிருந்து எடை போடுங்கள். மாவுபோல மிக நைசாக்கினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும், சாறும் கலங்கலாகவே நிற்கும்.

டிஎன்ஏ, ஆர்என்ஏ எடுப்பதற்கு இந்த வழி ஒத்துவராது. பீங்கான் கல்வத்தையும் குழவியையும் முதலில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவையுங்கள். 100 மி.கி. திசுவைப் போட்டு, நைட்ரஜன் வற்றுவதற்குள் அரைத்து, தேவைப்பட்டால் மேலும் ஊற்றுங்கள். பொடி உருகி ஈரமானால் நொதிகள் விழித்துக்கொள்ளும்: ஆர்என்ஏ சிதையும், பாலிஃபீனால்கள் (செடியின் துவர்ப்புப் பொருள்கள் போன்றவை) ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பேறும். குளிரவைத்த கரண்டியால் அள்ளி, உருகும் முன்பே பஃபரில் (டிஎன்ஏ, ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் கரைசலில்) சேர்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். காற்றோட்டமுள்ள அறை, குளிர் தாங்கும் கையுறை, முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு (ஃபேஸ் ஷீல்டு) மூன்றும் கட்டாயம். நைட்ரஜன் மிச்சமிருக்கும் குழாயை இறுக மூடினால் வெடிக்கும்.

உலோகங்களை அளக்கப் போகிறீர்களா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மில் தன் இரும்பையும் குரோமியத்தையும் பொடியில் சேர்த்துவிடும். அகேட் (கடினமான கல் வகை) அல்லது சிர்கோனியா (கடினமான பீங்கான் வகை) கிண்ணத்துக்கு மாறுங்கள்.

ஒரு மாதிரி முடிந்ததும் மில்லைப் பிரித்து, பிரஷால் தட்டி, எத்தனாலால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். அடுத்த மாதிரியில் ஒரு சிட்டிகையை முதலில் அரைத்து எறிவது ஒட்டியிருக்கும் மிச்சத்தையும் வெளியேற்றும். குன்றிமணி, ஆமணக்கு போன்ற நச்சு விதைகளின் தூசியை மூச்சில் இழுப்பது உயிருக்கே ஆபத்து. மாஸ்க் மட்டும் போதாது, தூசி வெளியேறாத மூடிய அமைப்பில்தான் அரைக்க வேண்டும்.

பொடியை அம்பர் (பழுப்பு நிற) பாட்டிலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் அறை வெப்பநிலைக்கு வந்தபிறகே மூடியைத் திறங்கள். குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் படிந்தால் எடைக் கணக்கு தப்பிவிடும்.