உணவகச் சுவையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு: வெண்ணெயும் கேரமலும் நிரப்பி வீட்டில் செய்யும் முறை

அமெரிக்காவின் ஸ்டேக்ஹவுஸ் உணவகங்களில் இறைச்சிக்குத் துணையாகப் பரிமாறப்படும் பதார்த்தங்களில் ‘லோடட் ஸ்வீட் பொட்டேட்டோ’ என்பது ஒன்று. முழுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சுட்டு, நடுவே கீறித் திறந்து, பட்டைத்தூள் கலந்த வெண்ணெயை உள்ளே வைத்து, கேரமலை ஊற்றி, பஞ்சுபோன்ற மிட்டாயான மார்ஷ்மெல்லோக்களை அடுக்கி, அவை பொன்னிறமாகும்வரை மேல்சூட்டில் காட்டித் தருவார்கள். இதை வீட்டில் செய்ய முனைகிற பலரும் மேலே போடும் பொருள்களைத் தேடி அலைந்து வாங்கிவிட்டு, கிழங்கை மட்டும் குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்துவிடுகிறார்கள். பிறகு, கடையில் சாப்பிட்டதுபோல் இல்லையே என்று வருந்துகிறார்கள். இந்தப் பதார்த்தத்தின் சுவையில் முக்கால் பங்கு கிழங்கைச் சுடும் விதத்தில்தான் இருக்கிறது என்பது நான் பலமுறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆகவே அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் கிழங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்க உணவகங்களில் பயன்படுவது பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சதை கொண்ட வகை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட ‘போரிகார்ட்’ இரகமும், வட கரோலினாவில் மிகுதியாகப் பயிராகும் ‘கவிங்டன்’ இரகமும் இந்த வகையைச் சேர்ந்தவை. நம் சந்தைகளில் அதிகம் கிடைப்பது சிவப்புத் தோலும் வெளிர்நிறச் சதையும் உள்ள கிழங்கு. தென்மாவட்டங்களில் இதைச் சீனிக்கிழங்கு என்பார்கள். ஆரஞ்சு வகை சுட்டபின் ஈரப்பதத்துடன் அல்வாபோல் குழையும். நம் வெண்சதைக் கிழங்கோ மாவுப்பிடிப்புடன் சற்று வறண்டிருக்கும். அதனால் வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஸ்ரீ கனகா’, ‘பூ சோனா’ போன்ற ஆரஞ்சுச் சதை இரகங்களை வெளியிட்டிருக்கிறது. இத்தகைய கிழங்கு கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். அமெரிக்கச் சமையல் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ‘யாம்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஆரஞ்சுச் சர்க்கரைவள்ளியையே குறிக்கும். அதை நம்மூர் வழக்கப்படி சேனைக்கிழங்கு என்று புரிந்துகொண்டால் பதார்த்தமே மாறிவிடும்.

ஒவ்வொன்றும் 300 முதல் 350 கிராம் எடையும், நடுவில் ஐந்தாறு சென்டிமீட்டர் பருமனும் கொண்ட நான்கு கிழங்குகள் நான்கு பேருக்குப் போதும். ஒரே அளவில் பொறுக்கி எடுத்தால்தான் ஒரே நேரத்தில் வேகும். நுனி கூம்பி நடு பெருத்திருக்கும் கிழங்கில் நுனி கருகும்போது நடுப்பகுதி வேகாமல் இருக்கும் என்பதால், கூடியவரை சீரான உருளை வடிவத்தில் இருப்பதையே எடுக்கவும். தைப்பொங்கலையொட்டிப் புதிதாகத் தோண்டி வரும் கிழங்கைவிட, ஒன்றிரண்டு வாரம் காற்றோட்டமான கூடையில் கிடந்த கிழங்கு அதிகமாக இனிக்கும். அமெரிக்க விவசாயிகளும் அறுவடை முடிந்ததும் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் உள்ள அறையில் சில நாள் வைத்துப் பதப்படுத்திய பிறகே கிழங்கைச் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்புகிறார்கள். தோலில் பட்ட காயங்கள் அப்போது ஆறுகின்றன, இனிப்பும் கூடுகிறது.

பச்சைக் கிழங்கை ஒருபோதும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால் அதன் உட்சதை பாதிக்கப்பட்டு, எவ்வளவு நேரம் சுட்டாலும் நடுவில் மரக்கட்டைபோல ஒரு பகுதி வேகாமல் நின்றுவிடும். விருந்தினருக்காக ஒருமுறை நான்கு நாள் முன்னதாகவே கிழங்கை வாங்கி, மற்றக் காய்கறிகளோடு உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் சுட்டும் கத்தி நடுவில் இறங்க மறுத்தது. அன்றைக்கு அந்தக் கிழங்குகளைச் சீவிப் பொரித்துத்தான் பரிமாற முடிந்தது.

இனிச் சுடும் முறைக்கு வருவோம். சர்க்கரைவள்ளிக்குள் பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கிழங்கின் உட்சூடு ஏறத்தாழ 57 முதல் 77 டிகிரிவரை இருக்கும் இடைவெளியில் இந்த நொதி சுறுசுறுப்பாக வேலைசெய்து, மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. சூடு அதற்குமேல் ஏறினால் நொதி செயலிழந்துவிடும். குக்கரிலும் மைக்ரோவேவிலும் கிழங்கு சில நிமிடங்களிலேயே இந்த இடைவெளியைத் தாண்டிவிடுவதால், வெந்திருந்தாலும் இனிப்பு குறைவாகவே இருக்கும். விறகடுப்பின் சாம்பலில் இரவு முழுக்கப் புதைத்து வைத்த கிழங்கு வெல்லம்போல இனித்ததற்கும் இந்த நிதானச் சூடுதான் காரணம். ஓவனில் அந்த நிதானத்தை நாம் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும்.

கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைக்கவும். முள்கரண்டியால் ஐந்தாறு இடங்களில் குத்திவிட்டு, மணமில்லாத எண்ணெயை மெல்லியதாகத் தடவி, பொடித்த கல்லுப்பைத் தோலின்மேல் தூவவும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்து, சூடேற்றாத ஓவனின் நடுத்தட்டில் வைக்கவும். ஓடிஜியாக (சிறிய மின் ஓவன்) இருந்தால் மேல், கீழ் இரண்டு சுருள்களையும் இயக்கி, 150 டிகிரியில் ஒரு மணி நேரம் விடவும். பிறகு வெப்பத்தை 210 டிகிரிக்கு உயர்த்தி மேலும் 40 முதல் 50 நிமிடம் சுடவும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும்.

இரண்டாம் கட்டத்தில் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். குத்திய துளைகளிலிருந்து பாகு முத்துமுத்தாகக் கசிந்து, தாளில் வழிந்து, ஓரங்களில் கருத்துப் பளபளக்கும். அந்தப் பாகு கொதிக்கும் சத்தம் லேசாகக் கேட்கும். கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டின் வாசனை அடுக்களையில் பரவும். தோல் சதையை விட்டுப் பிரிந்து சற்றே சுருங்கி நிற்கும். துணியைப் பிடித்துக்கொண்டு கிழங்கின் நடுவே அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுப்பகுதியில் குத்திப் பார்த்து, 96 முதல் 99 டிகிரி காட்டும்போது எடுக்கலாம். கத்தி இறங்குகிறது என்பதற்காக முன்னதாகவே எடுத்துவிடாதீர்கள். வெந்த நிலைக்கும் குழைந்த நிலைக்கும் இடையே இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. உணவகத்துக் கிழங்கின் மென்மை அந்தக் கால் மணி நேரத்தில்தான் வருகிறது.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. தாளுக்குள் நீராவி அடைபட்டு, கிழங்கு சுடப்படுவதற்குப் பதிலாக அவிந்துவிடுகிறது. தோலும் சொதசொதத்துப் போகிறது. சுட்டபின் சூடு தங்குவதற்காகச் சிறிது நேரம் சுற்றி வைப்பதில் தவறில்லை. ஆனால் சுற்றிய நிலையில் அறைவெப்பத்தில் மணிக்கணக்காக விட்டுவிடக் கூடாது. 1994இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளை அப்படியே வெளியில் வைத்திருந்து, பிறகு அவற்றைக் கொண்டு தொடுகறி செய்ததால், சாப்பிட்டவர்களுக்குப் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சேற்றம் உண்டானது. காற்றுப் புகாத தாளுக்குள் அந்த நஞ்சை உண்டாக்கும் கிருமி பெருகும் என்பதால், சர்க்கரைவள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முன்கூட்டியே சுட்டு வைக்க விரும்பினால், தாள் இல்லாமல் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைக்கவும். வெந்த கிழங்கைக் குளிர் கெடுப்பதில்லை. மூன்று நாளுக்குள் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சூடாக்கினால் உள்வரை சுடச்சுட ஆகிவிடும்.

ஓவன் இல்லாதவர்கள் ஏர் ஃபிரையரில் 150 டிகிரியில் 35 நிமிடமும், பிறகு 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடமும் வைத்துப் பார்க்கலாம். அதில் காற்று வேகமாகச் சுழல்வதால் சிறிய கிழங்குகளே ஏற்றவை.

கிழங்கு ஓவனில் இருக்கும் நேரத்தில் மற்றவற்றைச் செய்துவிடலாம். பட்டை வெண்ணெய்க்கு, உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை வெளியில் வைத்து, விரல் அழுத்தினால் பதியும் அளவுக்கு இளகவிடவும். உருக்கக் கூடாது, உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. அதில் இரண்டு மேசைக்கரண்டி சலித்த நாட்டுச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி தேன், அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, நிறம் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும்வரை மூன்று நான்கு நிமிடம் அடிக்கவும். அமெரிக்காவில் கடைகளில் ‘சினமன்’ என்று விற்பது பெரும்பாலும் கேசியா என்ற காரமான, தடித்த பட்டை. நம் மளிகைக் கடைகளில் தடித்த பட்டைகளாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுவே. சுருட்டுபோல் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைக் கறுவாவை இடிக்கிறீர்கள் என்றால், அதன் மணம் மென்மையானது என்பதால் முக்கால் தேக்கரண்டி போடலாம். உப்பை மட்டும் குறைக்க வேண்டாம். இனிப்பின்மேல் இனிப்பு அடுக்கும் இந்தப் பதார்த்தத்தில், நாலாவது வாய்க்குத் திகட்டாமல் காப்பது அதுதான்.

கேரமலுக்கு, அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையை மிதமான தீயில் தண்ணீர் சேர்க்காமல் உருகவிடவும். கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தையே மெல்லச் சுழற்றவும். உருகிய சர்க்கரை தேன் நிறத்தைக் கடந்து செந்நிறத் தேநீரின் நிறத்தை அடைந்ததும் தீயைக் குறைத்து, 40 கிராம் வெண்ணெயைச் சேர்த்துக் கலக்கவும். பிறகு, தனியே வெதுவெதுப்பாக்கி வைத்த 80 மில்லி கிரீமைச் சிறிது சிறிதாக ஊற்றவும். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் சர்க்கரை கட்டிதட்டி, மேலே கொதித்தும் தெறிக்கும். இந்தக் கட்டத்தில் குழந்தைகளை அடுப்பருகே நிற்க விடாதீர்கள். நம் கடைகளில் டப்பாவில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீமே போதுமானது. கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கினால், ஆறும்போது தானே கெட்டியாகும்.

பருப்புக்கு அங்கே பீக்கன் பயன்படுத்துகிறார்கள். இங்கே அது விலை கூடியது. வால்நட் அதற்கு மிக நெருக்கமானது, முந்திரியும் பொருந்தும். 50 கிராம் பருப்பை ஒன்றிரண்டாக உடைத்து, வாணலியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் வாசனை வரும்வரை வறுத்து, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் உப்பும் தூவி எடுத்து வைக்கவும். மிளகாய்த்தூள் என் சேர்க்கை, உணவகத்தில் போடுவதில்லை. எனினும் அந்த மெல்லிய காரம் கேரமலோடு சேரும்போது மிகவும் நன்றாக இருக்கிறது.

சர்க்கரைவள்ளியின்மேல் மார்ஷ்மெல்லோ வைக்கும் பழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1917இல் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் தன் சரக்கை வீட்டுச் சமையலுக்குள் கொண்டுவர விரும்பி, ஜேனட் மெக்கென்சி ஹில் என்ற சமையல் வல்லுநரிடம் குறிப்புகள் எழுதி வாங்கி வெளியிட்டது. மசித்த சர்க்கரைவள்ளியின்மேல் மார்ஷ்மெல்லோவை வைத்துச் சுடும் குறிப்பு அதில் இருந்தது. இன்றும் நன்றி நவிலும் நாள் விருந்தில் பல அமெரிக்க வீடுகளில் இந்தச் சேர்க்கை இடம்பெறுகிறது. பெரும்பாலான மார்ஷ்மெல்லோக்களில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் உறையில் பச்சைக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பாக நிரப்பத் தொடங்கலாம். கிழங்கின் இரு முனையிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டு, நீளவாக்கில் அடித்தோல் அறுபடாமல் கீறவும். பிறகு இரு முனைகளையும் துணியால் பிடித்து உள்நோக்கித் தள்ளினால், சதை மேலெழும்பி வாய் திறந்து கொடுக்கும். முள்கரண்டியால் சதையைத் தோலுக்குள்ளேயே கிளறி உதிர்த்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, ஒரு மேசைக்கரண்டி பட்டை வெண்ணெயைப் புரட்டிவிடவும். கேரமலுக்கு முன்பு வெண்ணெய் உள்ளே போயாக வேண்டும். சூடான சதையின் இழைகளுக்குள் அது ஊறிய பிறகுதான் மேலே ஊற்றும் கேரமல் வழியாமல் தங்கும். அடுத்து ஒரு மேசைக்கரண்டி கேரமல், அதன்மேல் பத்துப் பன்னிரண்டு சிறிய மார்ஷ்மெல்லோக்கள். ஓவனில் மேல்சுருளை மட்டும் முழுச் சூட்டில் இயக்கி, தட்டை மேலடுக்கில் வைத்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும். பொன்னிறத்திலிருந்து கரிக்குப் போக அதற்கு அரை நிமிடம் போதும். வெளியே எடுத்ததும் வறுத்த பருப்பைத் தூவி, மேலும் சிறிது கேரமலைக் கோடாக இழுத்து, மார்ஷ்மெல்லோ இறுகுவதற்குள் பரிமாறவும்.

இனிப்பு வேண்டாம் என்பவர்களுக்குக் காரவகையும் உண்டு. துருவிய செடார் சீஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், விருப்பமானால் மொறுமொறுப்பாகப் பொரித்த பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சிச் சீவல்) ஆகியவற்றை நிரப்பி, சீஸ் உருகும்வரை மேல்சூட்டில் காட்டவும். மேலே வைக்கும் சவர் கிரீமுக்குப் பதிலாக, துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிரில் இரண்டு கரண்டி கிரீமும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்துகொள்ளலாம். கிழங்கின் இனிப்புக்கு எதிர்நின்று ஈடுகொடுக்க அந்தப் புளிப்பு அவசியம். அதை விட்டுவிட்டால் சீஸும் கிழங்கும் ஒட்டாது.

இரண்டு வகைக்கும் தோலைச் சேர்த்தே சாப்பிடலாம். எண்ணெயும் உப்பும் தடவிச் சுட்டதால் அது மெல்லிய அப்பளம்போல் ஓரங்களில் நொறுங்கும். மீந்த பட்டை வெண்ணெயைப் பட்டர் பேப்பரில் உருளையாகச் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரை இருக்கும். அடுத்த முறை நாணயத் தடிமனில் இரண்டு வில்லை வெட்டி, சுட்டெடுத்த கிழங்கின் கீறலில் அப்படியே செருகிவிடலாம்.