சென்னை – சிங்கப்பூர்: வான்தொலைவும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் விமானத் தொலைவு சரியாக வராது. பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி ஒரு வளைவுதான். அதை அளக்க, சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதலில் விமான நிலையங்களின் ஆயங்கள், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், பாகையில் (டிகிரியில்). சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. சிங்கப்பூரின் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 12 பாகை 59 கலை (பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை) என்பது 12.59 அல்ல, 59-ஐ 60-ஆல் வகுத்து 12-உடன் கூட்ட வேண்டும், 12.98 வரும். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியன் என்ற இன்னொரு கோண அலகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை முழுக்கத் தப்பு.

தீர்க்கரேகை வித்தியாசம் 23.82. இனி,

(சைன் 12.99 × சைன் 1.36) + (கோசைன் 12.99 × கோசைன் 1.36 × கோசைன் 23.82) = 0.8965

இதற்கு எதிர்மாறு கோசைன் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 26.3 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆக 1,578 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 2,920 கி.மீ. தரை மைல் 1.609 கி.மீ. தான், இரண்டையும் குழப்பினால் தொலைவில் சுமார் 13 சதவீதம் காணாமல் போகும்.

விமானம் இந்தக் கோட்டிலேயே அப்படியே போவதில்லை. வான்வழித் தடங்கள், ஓடுபாதையின் திசை, இறங்கக் காத்திருக்கும் வட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 சதவீதம் கூட்டுங்கள்: 3,040 கி.மீ. ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்களுக்கு மணிக்கு 830 கி.மீ. என்று வைத்தால் 3 மணி 40 நிமிடம். தரையில் ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது ஆகியவற்றுக்கு 35 முதல் 40 நிமிடம் சேர்த்தால் 4 மணி 15 நிமிடத்தை ஒட்டி வரும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று இருந்தால் 17 நிமிடம் கூடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 15 நிமிடம்தான் மிச்சம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரைக்காற்று (குறுகிய பட்டையாக வேகமாக வீசும் காற்று, ஜெட் ஸ்ட்ரீம்) ஓடுகிறது. வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விவரித்தது இதைத்தான். அதன் மையம் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், கீழ்விளிம்பு தொடும் நாட்களில் சிங்கப்பூர் போகும் விமானம் தாமதமாகும், திரும்பி வருவது சீக்கிரம் சேரும்.

கால அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:00-க்குக் கிளம்பி காலை 5:45-க்குச் சேர்ந்தால், 6:45-இல் 2:30-ஐக் கழியுங்கள், பயணம் 4:15. திரும்பும்போது கழிக்காமல் கூட்டுங்கள். தேதி மாறுவதை மறந்து ஒருநாள் தள்ளி ஹோட்டல் போட்டுவிடாதீர்கள்.

சென்னை – கொழும்புக்குக் கோசைனே வேண்டாம். தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்று. அட்சரேகை வித்தியாசம் 5.8 பாகை, அதாவது ஏறத்தாழ 645 கி.மீ. ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பாதிப் பயணம். அதனால் 830-க்குப் பதில் 700 போட்டு, அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.