டிரான்ஸோனிக் ரோட்டார் கணக்கீடு: சால்வர் சிதறி நிற்பது ஸ்டால் ஆகாது

கம்ப்ரஸர் ரோட்டாருக்குள், அதாவது காற்றை அழுத்தும் இயந்திரத்தின் சுழலும் பிளேடு வளையத்துக்குள், ஒலிவேகத்தை ஒட்டி நடக்கும் காற்றோட்டத்தைக் கணக்கிடப் பழகுபவர்கள் பெரும்பாலும் நாசா ரோட்டார் 37-இலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் 1970-களில் உருவான அந்த ரோட்டாரில் 36 பிளேடுகள் உண்டு. வடிவமைப்பு வேகத்தில் பிளேடு நுனி நொடிக்கு 454 மீட்டர் வேகத்தில் செல்கிறது, பிளேடைச் சார்ந்து பார்த்தால் நுனியில் நுழையும் காற்றின் மாக் எண் (ஒலிவேகத்தின் எத்தனை மடங்கு என்பது) ஏறத்தாழ 1.48. 1994-இல் அளவீட்டு முடிவுகளை மறைத்துவைத்துப் பல குழுக்களை இதைக் கணக்கிடச் சொன்னபோது, தேர்ந்தவர்களின் விடைகளே வெகுவாக வேறுபட்டன. அப்படிப்பட்ட கணக்கில் புதியவர்கள் தடுமாறுவது இயல்பு. ஆனால் எங்கள் தலைமுறை தடுமாறிய அதே இடங்களில் இன்று வருபவர்களும் தடுமாறுவதைக் காணும்போது எழுதிவைக்கத் தோன்றுகிறது. சுழற்சித் திசையின் குறி, அலகுகள், சுவரோர மெஷ்ஷின் (ஓட்டவெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையின்) நெருக்கம் ஆகியவற்றை மென்பொருள் கையேடுகளே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நுழைவில் வேகத்தைக் கொடுப்பது

பிளேடைச் சார்ந்த ஓட்டம் மீயொலியாகவும் அதன் அச்சுவழிக் கூறு ஒலிவேகத்துக்குக் குறைவாகவும் இருக்கும்போது, காற்று எந்தக் கோணத்தில் நுழையலாம் என்பதைப் பிளேடுகளின் முன்பகுதி வடிவமே தீர்மானிக்கிறது. நுழைவு வேகத்தை நாம் முன்கூட்டியே நிர்ணயித்தால் அந்தத் தீர்மானத்தோடு மோதுகிறோம். மொத்த அழுத்தம், மொத்த வெப்பநிலை, ஓட்டத்தின் திசை ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டு வேகத்தைக் கணக்கீட்டின் பொறுப்பில் விடுவதே சரி.

சால்வர் சிதறிய இடத்தை ஸ்டால் என்று எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. வெளியேற்ற நிலையழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போகிறார்கள். ஒரு கட்டத்தில் சால்வர், அதாவது கணக்கிடும் மென்பொருள், விடைக்கு வராமல் சிதறுகிறது. அதற்கு முந்தைய புள்ளியை ஸ்டால் புள்ளி (பாய்வு குறைந்து பிளேடுகளிடையே ஓட்டம் நிலைகுலையும் இடம்) என்று குறித்து, அதிலிருந்து ஸ்டால் மார்ஜினை (இயங்குநிலைக்கும் ஸ்டாலுக்கும் உள்ள இடைவெளியை) தசமத் துல்லியத்தோடு அறிக்கையில் எழுதுகிறார்கள்.

ஓர் ஆய்வுக் கூட்டத்தில், கேஸிங்கின் (ரோட்டாரைச் சூழ்ந்த வெளிக்கூட்டின்) உட்புறத்தில் வளையப் பள்ளங்கள் வெட்டினால் ஸ்டால் மார்ஜின் நன்றாகக் கூடுகிறது என்று ஓர் இளம் பொறியாளர் வரைபடம் காட்டினார். பள்ளமில்லாத கணக்கு எந்த இடத்தில் சிதறியது என்று கேட்டேன், அவர் பார்த்திருக்கவில்லை. கோப்பைத் திறந்து தேடியபோது, அதிர்ச்சி அலையும், பிளேடு நுனிக்கும் கேஸிங்குக்கும் இடையே கசியும் காற்றின் சுழலும் சந்திக்கும் இடத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அழுத்தம் முதலில் எதிர்க்குறிக்குச் சென்றது, பிளேடின் பின்விளிம்பையொட்டி, நுனி இடைவெளிக்குள் நசுங்கிக் கிடந்த ஒரு மெஷ் செல்லில். பள்ளமுள்ள கேஸிங்குக்கு மெஷ்ஷைப் புதிதாகப் போட்டிருந்ததால் அந்தச் செல் அங்கே இல்லை. மெஷ்ஷைத் திருத்தி ஓட்டியதும் பள்ளமில்லாத ரோட்டார் இன்னும் குறைந்த நிறைப்பாய்வு (நொடிக்குச் செல்லும் காற்றின் நிறை) வரை நிலையாக ஓடியது. பள்ளங்களின் ஆதாயத்தில் பெரும்பகுதி மறைந்தது. அதற்குள் கேஸிங் வளையம் பள்ளம் வெட்டப் பட்டறைக்குப் போயிருந்தது.

மெஷ் நன்றாக இருந்தாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. சோக் நிலைக்கு (பாய்வு அதற்கு மேல் கூட முடியாத நிலைக்கு) அருகே நிறைப்பாய்வு ஏறக்குறைய மாறாமல் நிற்க, அழுத்தம் மட்டும் மாறுகிறது. அங்கே வெளியேற்ற அழுத்தத்தை நிர்ணயிப்பதே பொருத்தம். பாய்வைக் குறைத்துக்கொண்டு இடப்பக்கம் போகப் போகப் பண்புக்கோடு (பாய்வுக்கேற்ப அழுத்தத்தைக் காட்டும் கோடு) தட்டையாகி உச்சத்தைத் தொடுகிறது. அந்த உச்சத்துக்கு மேலான அழுத்தத்தை நிர்ணயித்தால் அதற்கு விடையே கிடையாது, கணக்கு சிதறத்தான் செய்யும். ஆனால் உண்மையான ரோட்டாரை ஒரு திராட்டில் வால்வு கட்டுப்படுத்துவதால், அது உச்சத்தைத் தாண்டியும் சிறிது தூரம் நிலையாக இயங்கக்கூடும். எனவே கோடு தட்டையாகத் தொடங்கியதும், பாய்வுக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் திராட்டில் நிபந்தனைக்கு மாறிவிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் முந்தைய புள்ளியின் விடையிலிருந்து, சிறிய படிகளில் தொடங்க வேண்டும்.

பிறகு ரெசிடியூவலை (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழையை) மட்டும் பார்க்காமல், நுழைவு, வெளியேற்ற நிறைப்பாய்வுகளை ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் சேர்ந்தே இறங்கி எங்கும் நிலைகொள்ளாமல் போனால், நுனியருகே கசிவு ஓட்டத்தின் முன்னெல்லை பிளேடுகளின் முன்விளிம்புத் தளத்துக்கு வந்து அடுத்த பிளேடின் பக்கம் வழிந்தால், அப்போது ஸ்டாலைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் எச்சரிக்கை தேவை. உண்மையான ஸ்டால் பெரும்பாலும் சில பிளேடுகளில் மட்டும் முளைத்துச் சுற்றிவரும். ஒரே ஒரு பிளேடு இடைவெளியை எடுத்து, மற்ற அனைத்தும் அதைப் போலவே என்று கொள்ளும் கணக்கு அதைக் காட்ட வழியில்லை. முழு வளையத்தையும் காலச்சார்புடன் கணக்கிட வசதி இல்லையென்றால், அந்தப் புள்ளிக்குக் 'கணக்கீட்டின் கடைசி நிலையான புள்ளி' என்றே பெயரிடுங்கள்.

வெளியேற்றம் முழுவதற்கும் ஒரே அழுத்தம்

ரோட்டாரை விட்டு வரும் காற்று சுழன்றுகொண்டு வருவதால் கேஸிங் பக்கம் நிலையழுத்தம் கூடுதலாக இருக்கும். ஆரத் திசைச் சமநிலையை, அதாவது சுழற்சிக்கேற்ப அழுத்தம் வெளிப்பக்கம் உயர்வதை, கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஓய்வுநிலைப் பிளேடு வடிவம்

சுழலும்போது பிளேடின் முறுக்கு தளரும், நுனி இடைவெளி சுருங்கும். இயங்குநிலை வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிறைப்பாய்வை அப்படியே ஒப்பிடுவது

ரோட்டார் 37-இன் அளக்கப்பட்ட சோக் பாய்வு நொடிக்கு 20.93 கிலோகிராம். உங்கள் கணக்கின் சோக் பாய்வு அதே எண்ணாக இருப்பது அரிது. ஆகவே கணக்கின் பாய்வைக் கணக்கின் சோக் பாய்வாலும், அளவீட்டை அளவீட்டின் சோக் பாய்வாலும் வகுத்த பிறகே இரு கோடுகளையும் ஒரே தாளில் வரைய வேண்டும். வகுப்பதற்கு முன் அந்த இரு சோக் பாய்வுகளையும் அறிக்கையில் எழுதுங்கள், ஏனெனில் அவற்றுக்கிடையிலான வித்தியாசமே பிளேடு வடிவத்திலோ எல்லைப்படலத்திலோ (சுவரையொட்டி மெதுவாகச் செல்லும் காற்றுப் படலத்திலோ) உள்ள பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

ஹப் பக்கத் தாழ்வுக்காகக் கொந்தளிப்பு மாதிரியை வளைப்பது

ரோட்டார் 37-க்குப் பின்னால் அளந்த மொத்த அழுத்தம் ஹப் (பிளேடுகள் பதிந்திருக்கும் நடுப்பகுதி) அருகே சற்றே தாழ்கிறது. பெரும்பாலான கணக்குகளில் அந்தத் தாழ்வு வருவதில்லை. உடனே கொந்தளிப்பு மாதிரியின் (கொந்தளிப்பின் விளைவைத் தோராயமாகச் சேர்க்கும் சமன்பாடுகளின்) மாறிலிகளைத் திருகத் தொடங்குகிறார்கள். ரோட்டாருக்கு முன்னால், நிற்கும் ஹப்பும் சுழலும் ஹப்பும் சந்திக்கும் சிறு இடைவெளியிலிருந்து வரும் மிகச் சொற்பமான கசிவே அந்தத் தாழ்வை உண்டாக்கப் போதும் என்று 1990-களிலேயே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஹப் மூலையில் ஓட்டம் பிரிவதே காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டில் எதுவானாலும், மாறிலியில் கை வைப்பதற்கு முன் சோதனைக் கருவியின் வெட்டுத்தோற்ற வரைபடத்தை வாங்கி, நம் மெஷ்ஷில் வராமல் விட்ட இடைவெளி எதுவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.