கதையில் பாவம் வரலாமா? கத்தோலிக்கர்கள் தடுமாறும் இடங்கள்

ஒரு படத்தில் எத்தனை கொலை, எத்தனை முத்தம், எத்தனை கெட்ட வார்த்தை என்று எண்ணிப் பார்த்து, அதை வைத்தே அது கத்தோலிக்கருக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்குக்கு விவிலியமே தேறாது. கும்பல் ஒன்று ஒரு பெண்ணைச் சீரழிப்பதைச் சொல்லும் நீதித் தலைவர்கள் நூலின் 19ஆம் அதிகாரத்தைச் சிறுவர்களுக்கு உரக்க வாசித்துக்காட்ட யாருக்கும் துணிவு வராது. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் தங்கள் இச்சைக்கு இணங்கும்படி சூசன்னாவை மிரட்டுகிற இரண்டு முதியவர்களும் நீதிபதிகள்.

பாவத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு 2 சாமுவேல் 11 நல்ல பாடம். மாலை வேளையில் மாடியில் உலாவும் தாவீது அரசர் குளிக்கும் பெண்ணைப் பார்க்கிறார், விசாரிக்கிறார், ஆளனுப்புகிறார், அவளோடு கூடுகிறார், அவள் வீடு திரும்புகிறாள். நாலைந்து வசனங்களில் இதெல்லாம் முடிந்துவிடுகிறது. அதை மூடி மறைக்க அவர் படும் பாட்டுக்குத்தான் மீதி அதிகாரம் முழுவதும். அவள் கருவுற்றது தெரிந்ததும், போர்க்களத்திலிருந்து அவளுடைய கணவர் உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அவரோ அரண்மனை வாயிலிலேயே படுத்துவிடுகிறார். குடிக்க வைத்துப் பார்க்கிறார், அப்போதும் போகவில்லை. கடைசியில் உரியாவின் சாவுக்கான கட்டளை உரியாவின் கையிலேயே கடிதமாகக் கொடுத்தனுப்பப்படுகிறது. எதை விவரிக்க வேண்டும், எதை ஒரு வரியில் கடக்க வேண்டும் என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் இறைவாக்கினர் நாத்தான் அரசனிடம் பிரசங்கம் செய்யவில்லை. பணக்காரன் ஒருவன் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய கதையைச் சொல்கிறார். கதை கேட்டுக் கொதித்தெழுந்த பிறகுதான் தாவீதுக்கு அந்த மனிதன் தான்தான் என்று தெரிகிறது.

பாவியான மனிதனைப் பற்றிப் பாவமே இல்லாத இலக்கியம் படைப்பது தன்னிலேயே முரண்பாடு என்று கர்தினால் நியூமன் எழுதியதும் இதனால்தான்.

அப்படியானால் நோக்கம் நல்லதாக இருந்தால் எதையும் காட்டலாமா? இது எதிர்ப்பக்கத் தவறு. இன்று இதுதான் அதிகம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையின் 7ஆம் பத்தி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறியவும், உண்மையும் நன்மையும் துலங்கவும் உதவலாம். ஆனாலும் அறநெறிக் கட்டுப்பாடு வேண்டும். குறிப்பாக, தீய நாட்டங்களை எளிதில் கிளறும் விஷயங்களில். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். இரண்டாம் பாதியை மட்டும் காட்டுகிறவர்களும் குறைவில்லை.

வில்லன் கடைசியில் செத்தால் போதும் என்பது இன்னொரு சமாளிப்பு. இரண்டரை மணி நேரம் அவனுடைய கொடூரத்தைப் பின்னணி இசையோடு கொண்டாடிவிட்டு, ஐந்து நிமிடத்தில் சுட்டுக் கொன்றால் கணக்கு நேராகிவிடாது. படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று 1930இல் எழுதப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பு விதிகளின் வரைவில் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குருவுக்குப் பெரும் பங்கு உண்டு. பார்வையாளரின் பரிவைக் குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ திருப்பக் கூடாது என்று அதன் முதல் கொள்கையே சொன்னது. கூர்மையான கொள்கைதான். ஆனால் 1934 முதல் கண்டிப்பாக அமலான பிறகு, தப்பு செய்தவனுக்குக் கடைசி ரீலில் தண்டனை என்ற சூத்திரமாக அது பெரும்பாலும் சுருங்கிப்போனது.

பாவத்தின் மீது பரிவு வருவதும் பாவியின் மீது பரிவு வருவதும் ஒன்றென்று நினைப்பது இதனோடு ஒட்டிப் பிறந்த குழப்பம். ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் 1940ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் நாயகன், மெக்சிகோவில் திருச்சபை வேட்டையாடப்பட்ட காலத்தில் ஒளிந்து திரியும் ஒரு குரு. குடிகாரர், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. 1950களில் திருச்சபைக் கோட்பாட்டைக் கண்காணிக்கும் உரோமையின் புனித அலுவலகம் அந்த நாவலைக் கண்டித்தது. பின்னாளில் கிரீனைச் சந்தித்த திருத்தந்தை 6ஆம் பவுலோ, அவருடைய நூல்களின் சில பகுதிகள் சில கத்தோலிக்கரைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். இதைக் கிரீனே சொல்லியிருக்கிறார். குருவின் வீழ்ச்சியை அந்த நாவல் வீழ்ச்சி என்றேதான் காட்டுகிறது. அதை அழகு என்று விற்கவில்லை.

நாவலையும் சினிமாவையும் ஒரே தராசில் வைப்பதுதான் பலர் கவனிக்காத தவறு. திரையில் குத்துப்பட்டவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். கத்தியும் பொய், ரத்தமும் பொய். படுக்கைக் காட்சியில் அப்படியில்லை. அவிழ்க்கப்பட்ட உடல் நிஜம், தொட்ட கை நிஜம், கேமராவைச் சுற்றி நின்ற ஆட்களும் நிஜம். "நடிப்புதானே" என்ற பதில் கொலைக் காட்சிக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. ஆபாசப்படத்தைப் பற்றிப் பேசும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2354ஆம் எண், உண்மையான செயலோடு பாவனைச் செயலையும் சேர்த்துச் சொல்வதும், நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் எல்லோருடைய மாண்பும் காயப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை. ஆடையில்லாத ஒவ்வொரு உடலும் ஆபாசம் என்று இதற்குப் பொருளில்லை. பார்ப்பவரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, நடித்தவரை மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை.

பார்ப்பவர் விஷயத்தில் புனித தோமா அக்குவினாஸ் தரும் ஒரு பாகுபாடு உதவும். பாவத்தைப் பற்றிச் சிந்திப்பதில் வரும் இன்பம் வேறு. சிந்திக்கப்படும் பாவத்திலேயே கொள்ளும் இன்பம் வேறு. துப்பறியும் கதையின் புதிர் பிடித்திருந்தால் கொலை பிடித்திருக்கிறது என்றாகாது. ஆனால் எல்லை எங்கே தாண்டுகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பவர்கள் புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுவை நினைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் இழுத்துக்கொண்டு போன வாட்போர் அரங்கில் கண்ணை இறுக மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்ததும் ஒரு கணம் திறந்தார். அதன் பிறகு கூட்டத்தோடு கத்தியது மட்டுமல்ல, மற்றவர்களையும் அங்கே அழைத்துப் போகிறவராகவே ஆகிவிட்டார்.

இதன் மறுபக்கமும் உண்டு: தனக்குச் சோதனையாக இருப்பது எல்லோருக்கும் பாவம் என்று அறிவிப்பது. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலுக்கு இருந்த சட்ட வலிமையைத் திருச்சபையே 1966இல் நீக்கிவிட்டது. பொறுப்பு வாசகரின் மனச்சான்றிடம் வந்தது. ஆனால் துர்மாதிரிகை, அதாவது பிறரைப் பாவத்துக்கு இழுக்கும் நடத்தை, பற்றிய போதனை அப்படியே இருக்கிறது. நமக்குத் தாங்கும் படத்தைப் பதினான்கு வயதுப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது வேறு விஷயம்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் "கெட்ட படம் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லி முடிப்பதும் இதே எண்ணிக்கைப் பழக்கம்தான். எதை நாடிப் பார்க்கப் போனேன், எதற்கு மனதால் சம்மதித்தேன், பிடிக்காமல் போன பிறகும் ஏன் எழுந்து போகவில்லை: குருவானவருக்கு இவை தெரிந்தால்தான் அவரால் ஏதாவது சொல்ல முடியும்.