கனடாவின் கட்சித் தலைவர் போட்டியை வெளியிலிருந்து பார்ப்பது எப்படி?

2025 மார்ச் 9 அன்று மார்க் கார்னி ஆளும் லிபரல் கட்சியின் தலைவரானார். 14ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். அன்றைக்கு அவர் எம்.பி.கூட இல்லை! அந்த நாட்டில் கட்சித் தலைவர் பதவி அவ்வளவு பெரியது. ஆனால் போட்டியைப் புதிதாகப் பார்ப்பவருக்கு ஓட்டுக் கணக்கு பிடிபடாது. நான் பார்க்கிற முறையைச் சொல்கிறேன்.

படி 1: பேச்சுகளை அப்புறம் கேட்கலாம், முதலில் விதிகளைப் படியுங்கள்

கட்சிக்குக் கட்சி விதி வேறு. யாருக்கு ஓட்டு, பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது, போட்டியிட எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்சர்வேட்டிவ் கட்சியில் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். லிபரலில் பதிவு இலவசம், 14 வயதிலேயே ஓட்டு. ஆனால் 2025இல் அங்கே வேட்பாளர் கட்ட வேண்டிய தொகை 3,50,000 டாலர். கடைசி நாள்தான் எனக்கு முக்கியம். அதுவரை ஆள் சேர்ப்பு நடக்கும். அதற்குப் பிறகு சேர்த்த ஆட்களை ஓட்டுப் போட வைக்கும் வேலை.

படி 2: ஓட்டை விட்டுவிட்டுப் புள்ளியை எண்ணுங்கள்

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். இந்த இரண்டு கட்சிகளிலும் ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி; அதை அங்கே வாங்கிய ஓட்டு விகிதப்படி வேட்பாளர்களுக்குப் பிரிப்பார்கள். ஒரு தொகுதியில் 2,000 பேர் ஓட்டுப் போடுகிறார்கள், இன்னொன்றில் 200 பேர் என்று வையுங்கள். 50 புள்ளி எடுக்க முதலாவதில் 1,000 ஓட்டு வேண்டும், இரண்டாவதில் 100 போதும். கட்சிக்கு ஆளே இல்லாத ஊர்களை வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். (2022இலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியில், 100 ஓட்டுக்கும் குறைவான தொகுதியில் ஓட்டுக்கு ஒரு புள்ளிதான்.) புதிய ஜனநாயகக் கட்சியில் இந்தச் சிக்கலே இல்லை, ஆளுக்கு ஒரு ஓட்டு.

2020 கன்சர்வேட்டிவ் போட்டியின் இரண்டாம் சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவர் லெஸ்லின் லூயிஸ். புள்ளியில் மூன்றாமிடம், ஆகவே வெளியேறினார். ஜெயித்தவர் எரின் ஓ'டூல்.

படி 3: இரண்டாவது விருப்பம் யார் என்று கேளுங்கள்

ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று வரிசையிடுவார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். 2017 கன்சர்வேட்டிவ் போட்டியில் இது 13 சுற்று போனது. மாக்சிம் பெர்னியே முதல் சுற்றில் சுமார் 29 சதவீதம், ஆண்ட்ரூ ஷியர் ஏறக்குறைய 22. பன்னிரண்டாவது சுற்று வரைக்கும் பெர்னியேதான் முன்னால். கடைசிச் சுற்றில் ஷியர் 50.95, பெர்னியே 49.05. முடிவு வரும் இரவில் ஒரு தாளில் சுற்று வாரியாக எழுதிக்கொண்டே வாருங்கள். யாருடைய ஓட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

படி 4: யார் புதிதாகச் சேர்கிறார்கள் என்று பாருங்கள்

அதே 2017இல் பெர்னியே தன் சொந்தத் தொகுதியான கியூபெக்கின் போஸிலேயே ஷியரிடம் பின்தங்கினார். பால், முட்டை, கோழி உற்பத்திக்கு அரசு வைத்திருக்கும் ஒதுக்கீட்டு முறையை ஒழிப்பேன் என்று அவர் பேசியிருந்தார். பால் பண்ணைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கட்சியில் சேர்ந்து எதிராக ஓட்டுப் போட்டார்கள். பிறகு பத்திரிகையாளர் விருந்தொன்றில் ஷியர் மேடையிலேயே பால் பெட்டியைத் திறந்து குடித்துக் காட்டினார்.

படி 5: ஜெயித்தவரை விட்டுவிடாதீர்கள்

தலைவரை நீக்கும் விதியைக் கட்சியின் எம்.பி.க்கள் ஏற்றுக்கொண்டிருந்தால், அவர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்திட்டே தலைவர்மீது ரகசிய வாக்கெடுப்பு கேட்கலாம். 2022 பிப்ரவரியில் ஓ'டூலை 73க்கு 45 என்று அப்படித்தான் இறக்கினார்கள். கட்சி மாநாடுகளிலும் தலைவர் தொடரலாமா என்று ஓட்டெடுப்பது உண்டு. 1983 ஜனவரியில் வின்னிபெக்கில் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் ஜோ கிளார்க்குக்கு 66.9 சதவீதம் ஆதரவு கிடைத்தது. இது போதாது என்று அவரே புதுப் போட்டி வைத்தார். ஜூனில் பிரையன் மல்ரோனியிடம் தோற்றார்.