ஐந்து மாதப் பரிமாற்றத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம்? பழகும் வாழ்க்கையை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்காக ஐரோப்பாவுக்குச் செல்லும் மாணவர் அங்கே பட்டம் வாங்கப் போவதில்லை. சில பாடங்களைப் படித்து, அவற்றின் கிரெடிட்டுகளைத் தம் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். ஆகவே உலகத் தரவரிசையில் அந்தப் பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது என்பதைவிட, புதிதாக வந்து இறங்குபவரை அந்த ஊரின் மாணவர் வாழ்க்கை எவ்வளவு விரைவில் சேர்த்துக்கொள்கிறது என்பதையே முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரியுடன் ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களில், உங்கள் துறை ஏற்கக்கூடிய பாடங்கள் எங்கெங்கே கிடைக்கின்றன என்று முதலில் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் படிகள் அந்தப் பட்டியலைச் சுருக்குவதற்கானவை.

படி 1: பருவத்தைத் தீர்மானித்தல்

ஸ்வீடனில் இலையுதிர்ப் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை நீள்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில்தான் முடிகின்றன; இது நம் கல்லூரிகளின் அடுத்த பருவத்தோடு மோதக்கூடும் என்பதால் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். திருவிழாக்களைப் பார்க்க விரும்புபவர்களுக்கு வசந்தப் பருவம் ஏற்றது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஏப்ரல் 30 அன்று மாணவர்கள் தாங்களே கட்டிய தெப்பங்களில் ஃபைரிஸ் ஆற்றில் இறங்குவதும், போர்ச்சுகலின் கோயம்ப்ராவில் மே மாதம் நடக்கும் மாணவர் விழாவும் அப்போதுதான் வருகின்றன. இருப்பினும், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் இலையுதிர்ப் பருவத்தையே பரிந்துரைப்பேன். அந்நாட்டு முதலாண்டு மாணவர்களும் அப்போதுதான் புதிதாக வருகிறார்கள் என்பதால், எல்லோரும் நண்பர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஜனவரியில் போய்ச் சேருபவரோ, ஏற்கெனவே அமைந்துவிட்ட குழுக்களுக்குள் இடம் தேட வேண்டியிருக்கும்.

படி 2: எங்கே தங்குவார்கள் என்று பார்த்தல்

பழக்கம் பெரும்பாலும் சமையலறையில்தான் உருவாகிறது. உப்சாலாவின் ஃப்ளோக்ஸ்டா குடியிருப்பில் ஏறத்தாழ 12 மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்துகொண்டு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரவு 10 மணிக்குச் சன்னலைத் திறந்து எல்லோரும் கத்துவது அங்கே பல காலமாக நடந்துவரும் வழக்கம். இத்தகைய இடத்தில் ரசம் வைத்தாலே யாராவது வந்து என்னவென்று கேட்பார்கள். தனிச் சமையலறையுடன் கூடிய ஸ்டூடியோ அறை வசதியானதுதான். ஆனால் முதல் மாதத்தில் அது ஒருவரைத் தனியாகவே வைத்துவிடக்கூடும். ஆகவே பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பக்கத்தில், பரிமாற்ற மாணவர்களுக்கு எந்த வகை அறை தருகிறார்கள், சமையலறை எத்தனை பேருக்குப் பொது, வளாகம் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அறைக்கு உத்தரவாதம் உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் மாணவர் வாழ்க்கைக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கேயே 2018 இல் அறை கிடைக்காத வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடாரம் அமைத்துத் தர வேண்டியதாயிற்று.

படி 3: வார இறுதியைச் சோதித்தல்

பலரும் கவனிக்காமல் விடும் படி இது. பெல்ஜியத்தின் லூவன் 1425 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழும் நகரம்; வியாழக்கிழமை இரவில் அதன் பழைய சந்தைச் சதுக்கம் மாணவர்களால் நிரம்பி வழியும். ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் உள்ளூர் மாணவர்களில் பெரும்பாலோர் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலேறித் தம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு இரவுதான் திரும்புவார்கள். நாடு சிறியது, வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதே காரணம். எஞ்சியிருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் தங்களுக்குள் நெருக்கமாகிவிடுவார்கள் என்பது உண்மையே; வார இறுதிகளில் பக்கத்து நாடுகளைச் சுற்றிப்பார்க்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளூர் நண்பர்கள்தான் வேண்டும் என்பவர்கள், தொலைவிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்கள் நிறைந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

படி 4: உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று தேடுதல்

உப்சாலாவிலும், ஸ்வீடனின் மற்றொரு பல்கலைக்கழக நகரமான லுண்டிலும் ‘நேஷன்’ எனப்படும் மாணவர் அமைப்புகள் உள்ளன. இரு நகரங்களிலும் தலா 13. உப்சாலாவில் 17 ஆம் நூற்றாண்டில், ஒரே பகுதியிலிருந்து வந்த மாணவர்கள் கூடித் தொடங்கிய இவ்வமைப்புகளில் இன்று யாரும் சேரலாம். ஸ்வீடன் மாணவர்களுக்கு இருந்த கட்டாய உறுப்பினர் முறையும் 2010 இல் நீங்கிவிட்டது. பெரும்பாலான நேஷன்களுக்குச் சொந்தக் கட்டடம், மலிவான மதிய உணவு, காபிக்கடை, பாடகர் குழு, விளையாட்டு அணி, பாட்டுகளோடு நடக்கும் முறையான இரவு விருந்து என்று பலவும் உண்டு. இவற்றை நடத்துபவர்கள் மாணவர்களே. ஆகவே விருந்தாளியாக மட்டும் போய்வராமல், சமையலறையிலோ காபிக்கடையிலோ வாரம் ஒருமுறை வேலை செய்ய முன்வந்தால், அருகில் நின்று காய் நறுக்கும் ஸ்வீடன் மாணவருடன் பேச்சு தானாகவே தொடங்கிவிடும். மது அருந்தாதவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் நிறைய இடமிருக்கிறது.

பரிமாற்ற மாணவர்களுக்கு உதவும் மாணவர் அமைப்பான எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு 1989 முதல் ஐரோப்பாவில் இயங்கிவருகிறது. அதன் கிளை உள்ள பல ஊர்களில் புதியவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுகிறார்கள். முதல் சில வாரங்களுக்கு இது பேருதவி. ஆயினும் இதன் சுற்றுலாக்களில் பெரும்பாலும் பரிமாற்ற மாணவர்களே இருப்பார்கள் என்பதால், இது ஒன்றை மட்டும் நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 5: போய்வந்தவர்களிடம் விசாரித்தல்

உங்கள் கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில், முந்தைய ஆண்டுகளில் சென்ற அண்ணன்களையோ அக்காக்களையோ தொடர்புகொள்ள உதவுமாறு கேளுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “சூப்பர்” என்ற பதில்தான் வரும். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் என்ன செய்தீர்கள், யாருடன் சேர்ந்து சாப்பிட்டீர்கள், அந்நாட்டு மாணவர்களில் எத்தனை பேருடன் இன்னும் பேசுகிறீர்கள் என்று கேளுங்கள். உப்சாலாவில் டிசம்பரில் பிற்பகல் 3 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், வடக்கே போய்வந்தவர்களிடம் நவம்பரைப் பற்றிக் கேட்பது மிகவும் அவசியம்.

படி 6: வரிசைப்படுத்துதல்

எஞ்சிய மூன்று நான்கு இடங்களுக்கு உறைவிடம், வார இறுதி, நுழையும் வழி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள். இரண்டு இடங்கள் சமமாக வந்தால், உறைவிடம் உறுதியாகக் கிடைக்கும் இடத்தை மேலே வையுங்கள். விருப்பப் பட்டியலைக் கல்லூரியில் கொடுத்த கையோடு, முதலிடத்தில் உள்ள பல்கலைக்கழகத்தின் உறைவிட விண்ணப்பம் எந்த நாளில் திறக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சேர்க்கை விண்ணப்பத்துக்கும் உறைவிட விண்ணப்பத்துக்கும் கடைசித் தேதிகள் வெவ்வேறாக இருக்கும்.