அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை முதல்முறை படிப்பது எப்படி: ஒரு தாளும் மூன்று கட்டங்களும்

அளவை நினைத்துப் பயப்படவே வேண்டாம். மூலச் சட்டம் மொத்தமே சுமார் 4,400 சொற்கள், 7 பிரிவுகள். பின்னால் சேர்த்த திருத்தங்கள் 27. காலைக் காபியோடு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். ஆனால் நேராக முதல் வரியிலிருந்து கதைப் புத்தகம் மாதிரி படித்துக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும், எனக்கு வந்தது. அதனால்தான் இந்த வழி.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். காங்கிரஸ், அதிபர், நீதிமன்றம். (காங்கிரஸ் என்பது அவர்களுடைய நாடாளுமன்றம், நம் ஊர்க் கட்சியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள்.) மூன்றையும் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு அதில் ‘மாநிலங்கள்’ என்று எழுதுங்கள். படிக்கும்போது ஒருவர் இன்னொருவரைத் தடுக்க முடியும் என்று ஒரு வரி வந்தால், தடுப்பவரிடமிருந்து தடுக்கப்படுபவருக்கு ஒரு அம்பு போடுங்கள். யாருக்கு என்ன அதிகாரம் என்று மனப்பாடம் செய்வதைவிட, யார் யாருக்கு முட்டுக்கட்டை போடலாம் என்று பார்த்தால் இந்தச் சட்டம் சீக்கிரம் பிடிபடும்.

படி 2: எதற்குப் பயந்து எழுதினார்கள் என்று பாருங்கள்

பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து பிரிந்து வந்தவர்கள், 1781-இல் நடைமுறைக்கு வந்த முதல் ஏற்பாட்டில் மத்திய அரசுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்கவில்லை. வரி போட அதிகாரம் கிடையாது, மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவர்கள் கொடுத்தால் உண்டு. ஏற்பாட்டைத் திருத்தவேண்டும் என்றால் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு 5 சதவீதத் தீர்வை போட அனுமதி கேட்டபோது, 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் முடியாது என்றது, அத்தோடு அது போயிற்று.

அப்புறம் 1786-இல் மாசச்சூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைவீரர் உள்ளிட்டோர் தலைமையில் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். மத்திய அரசால் கையைப் பிசையத்தான் முடிந்தது. பணக்காரர்கள் போட்ட காசில் மாநிலம் ஒரு படை திரட்டித்தான் அதை அடக்கியது.

மறுபடி ஒரு ராஜா வந்துவிடக்கூடாது, ஆனால் இப்படி ஒன்றும் செய்யமுடியாத அரசும் கூடாது. இந்த இரண்டு பயங்களோடுதான் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். பழையதைத் திருத்தத்தான் அழைப்பு. வந்தவர்கள் புதிதாகவே ஒன்றை எழுதிவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் 55 பேர், செப்டம்பர் 17-இல் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை.

படி 3: முகவுரையில் முதல் மூன்று சொல்

‘We the People’, அதாவது ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்கும். முதல் வரைவில் ஒவ்வொரு மாநிலத்தின் பெயரும் வரிசையாக இருந்தது. எந்தெந்த மாநிலம் ஒப்புக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பெயர்களைப் போடுவது எப்படி? பிலடெல்பியாவில் கூடியவர்களில் ஒருவரான கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது பதவியல்ல, அவர் பெயரே அதுதான்) இறுதி வடிவத்தில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்.

படி 4: முதல் பிரிவில் நேரத்தைச் செலவிடுங்கள்

மூலச் சட்டத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் பிரிவுதான். அதிபரைப் பற்றிய இரண்டாம் பிரிவு இதில் பாதி அளவுகூட வராது. காங்கிரஸ்தான் முக்கியம் என்று எழுதியவர்கள் நினைத்தது இதிலேயே தெரியும்.

பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன, சிறியவை சம இடம் கேட்டன. ஜூலையில் ஒரு சமரசம் பேசி இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இன்று 435 பேர், 2 ஆண்டுப் பதவி. செனட்டில் மாநிலத்துக்கு 2 பேர், மொத்தம் 100, 6 ஆண்டுப் பதவி, 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல். நம் மாநிலங்களவையின் பதவிக்கணக்கும் இதேதான்.

இப்போது 7-ஆம் உட்பிரிவைத் திறந்து ஒரு மசோதாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். இரண்டு அவையும் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும், ஆக அவைகளுக்கு நடுவிலேயே இரண்டு பக்கமும் ஒரு அம்பு. அதிபர் கையெழுத்துப் போட்டால் சட்டம். மறுத்துத் திருப்பி அனுப்பினால், அதுதான் வீட்டோ, அதிபரிடமிருந்து காங்கிரஸுக்கு ஒரு அம்பு. இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால், எல்லோரும் வந்திருந்தால் 290-உம் 67-உம், அவர் மறுப்பு செல்லாது. எதிர்ப்பக்கம் ஒரு அம்பு. கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் ஞாயிறு நீங்கலாக 10 நாள் வைத்திருந்தால் தானாகவே சட்டமாகிவிடும், ஆனால் அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு போய்விட்டால் மசோதா செத்தது. இந்தக் கடைசி விஷயத்தை முதலில் படித்தபோது ‘அட, இப்படியும் ஒரு வழியா’ என்று சிரித்துவிட்டேன்.

அடுத்து அதே பிரிவின் 6-ஆம் உட்பிரிவு. அரசுப் பதவியில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்க முடியாது. நமக்குப் பிரதமரும் அமைச்சர்களும் அவையில் உட்கார்ந்து பழக்கம், அதனால் இந்த ஒரு வரியைத் தவறவிட்டால் மீதி எல்லாமே குழம்பும். அவையில் பெரும்பான்மை போனாலும் அதிபர் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை.

படி 5: அதிபரும் நீதிமன்றமும்

அதிபர் படைத்தலைவர், ஆனால் போர் அறிவிப்பதும் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ். ஒப்பந்தத்துக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு, நீதிபதி நியமனத்துக்கும் செனட்டின் சம்மதம் வேண்டும். அவரை நீக்கப் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட, செனட் விசாரிக்கும், தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். இதுவரை எந்த அதிபரும் இப்படி நீக்கப்படவில்லை.

மூன்றாம் பிரிவு சின்னது. உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்றுகூட அதில் இல்லை. 1789-இல் 6 பேர், 9 என்பது 1869-இலிருந்து. சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தேடாதீர்கள், வெளிப்படையாக எங்குமே எழுதவில்லை. 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அது தங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். உங்கள் தாளில் இந்த அம்பைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

படி 6: கசப்பான வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்

மூலச் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் இடங்களைக் கணக்கிட ‘மற்ற நபர்களில்’ ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்கச் சொல்லும் வரி இருக்கிறது, 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடைசெய்ய முடியாது என்ற வரியும் இருக்கிறது. வேண்டுமென்றேதான் சுற்றிவளைத்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் வெளிப்படையாக வருவது 1865-இல், அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்தில்.

படி 7: திருத்தங்கள்

ஐந்தாம் பிரிவைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். முன்மொழிய இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, ஏற்க நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 50-இல் 38. வெளிவட்டத்திலிருந்து உள்ளே ஒரு தடித்த அம்பு. பேச்சுரிமை, மத உரிமை உள்ளிட்ட முதல் 10 திருத்தங்கள் 1791-இல் வந்தவை. 18-ஆம் திருத்தம் மதுவைத் தடைசெய்தது, 21 அதை ரத்து செய்தது.

கடைசியாக 27. காங்கிரஸ் தன் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது செல்லும். இதைக் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் முன்வைத்தது 1789-இல்! போதுமான மாநிலங்கள் ஏற்காமல் கிடந்தது, கடைசித் தேதியும் குறிக்கப்படவில்லை. 1982-இல் டெக்சாஸில் ஒரு கல்லூரி மாணவர் இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கட்டுரை எழுதி ‘சி’ மதிப்பெண் வாங்கினார். விடாமல் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1992-இல் அது நிறைவேறியது. 2017-இல் அவருடைய மதிப்பெண்ணையும் ‘ஏ’ என்று திருத்திக் கொடுத்தார்கள்.